ஊசியும் உலையும்

"அட்டை எங்கே?"

"எந்த அட்டை ஐயா?"

"ஊசி போட்டுக்கொண்டதற்கான அட்டை! முதல் ஊசியாவது போட்டிருக்க வேண்டும் என்று முந்தாநாளே பலகையில் ஒட்டினோமே, படிக்கவில்லையா?"

"படித்தேன் ஐயா. நேற்றே மருத்துவ நிலையத்துக்குப் போனேன். பொழுது சாயும் வரை வரிசையில் நின்றேன். மருந்து தீர்ந்துவிட்டது, நாளை வா என்று அனுப்பிவிட்டார்கள்."

"அப்படியானால், போட்டுக்கொண்டு வா!"

"இன்றையக் கூலி?"

"உள்ளே வந்தவனுக்குத்தானே கூலி!"

தோழர்களே! நாடகக்காரனல்லவா, எடுத்த எடுப்பிலேயே கற்பனைக் காட்சியொன்றைக் காட்டுகிறான் என்று எண்ணிவிடாதீர்கள். நான் எழுதிய எந்த நாடகத்திலும் இந்தக் காட்சி இல்லை. 2021-ஆம் ஆண்டு, கொரோனா எனும் கொடும்பிணி ஊரையும் உலகையும் உலுக்கிக்கொண்டிருந்த நாளில், ஒரு தொழிற்கூடத்தின் இரும்புக் கதவுக்கு முன்னால் நடந்தது இது. அதட்டியவர் காவலாளி. கெஞ்சியவர், எங்கள் நாடகக் குழுவிலே விளக்குப் பொறுப்பு ஏற்றிருக்கும் நண்பர். இரவிலே, கதாநாயகியின் முகத்தில் நிலவொளி விழச் செய்பவர். பகலிலே, கங்காணி ஒருவரின் பட்டியலில் ஒரு பெயராக நின்று, அந்தத் தொழிற்கூடத்திலே மூட்டை சுமப்பவர். மேடைகளெல்லாம் இருண்டு கிடந்த காலம் அது. நிலவுக்கு வேலையில்லை, மூட்டை ஒன்றே கதி!

அவர் ஊசியை எதிர்த்தவரல்லர். அஞ்சி ஓடியவருமல்லர். தேடி அலைந்தவர்! வரிசையில் நின்ற நாள் ஒன்று. வாயிலிலிருந்து திரும்பி ஓடி ஊசி போட்டுக்கொண்ட நாள் ஒன்று. ஊசியின் சூட்டால் காய்ச்சல் கண்டு பாயில் சுருண்டு கிடந்த நாள் இரண்டு. ஆக, நான்கு நாள் கூலி போயிற்று. அரசு இலவசமாகக் கொடுத்த மருந்துக்கு, அந்தத் தோழர் கொடுத்த விலை, நான்கு நாள் கஞ்சி!

இந்தக் கணக்கை எந்த அலுவலகமும் எழுதி வைக்கவில்லை. எத்தனை கோடிப் பேருக்கு ஊசி போட்டோம் என்பதற்கு ஏடு உண்டு, எண்ணிக்கை உண்டு, விழா உண்டு, விளம்பரம் உண்டு. ஊசிக்காக இழந்த கூலி எவ்வளவு என்பதற்கு ஏடும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஊசி கூடாது என்று கூற வந்தவனல்லன் நான். ஊசியால் உடலில் மாயக்கருவி நுழைகிறது என்று கதை கட்டியவர்கள், இந்த ஏட்டை எடுத்துக்கொண்டு ஊர்வலம் கிளம்பிவிடக் கூடாதல்லவா! வைசூரி என்ற பெயர் கேட்டாலே நடுங்கிய நாடு இது. கோயிலுக்குக் கூழ் ஊற்றியும் குறையாத கொடுமை, 1796-இல் ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர் கண்ட வழியால் குறைந்தது. இந்தியாவிலே 1975-இல் கடைசி வைசூரி. சோமாலியாவிலே 1977-இல் கடைசி. 1980 மே திங்களில், வைசூரி ஒழிந்தது என்று உலக நாடுகள் கூடி அறிவித்தன. அம்மை குத்துபவர் வந்தார் என்றால் குழந்தையை மறைத்து வைத்த பாட்டிமார் உண்டு. அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் முகத்திலே தழும்பு இல்லை. இளம்பிள்ளை வாதம் இல்லாத நாடு என்று 2014-இல் சான்று பெற்றோம். கொரோனா ஊசியும் எண்ணற்ற உயிர்களைச் சாவின் வாயிலிருந்து இழுத்து வந்தது. ஐயமே இல்லை.

ஆகவே, ஊசி நல்லதா கெட்டதா என்பதல்ல இன்று நம்முன் உள்ள வழக்கு. ஊசிக்கும் சோதனைக்கும் உரிய விலையை யார் கொடுப்பது? கையிலே அட்டை இல்லாதவன் வீட்டு உலையை அணைக்கும் உரிமையை, யார், எந்தச் சட்டத்தால், யாருக்குக் கொடுத்தார்கள்? இதுதான் வழக்கு.

பழைய வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் மாநிலத்திலே கேம்பிரிட்ஜ் என்று ஓர் ஊர். 1902-இல் அங்கே வைசூரி தலைகாட்டிற்று. ஊரின் நல்வாழ்வுக் குழு, ஊரார் அனைவரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டுமென ஆணையிட்டது. ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார், சுவீடன் நாட்டிலே பிறந்தவர், மறுத்தார். இளமையில் அம்மை குத்தியதால் தாம் பெருந்துன்பம் அடைந்ததாகச் சொன்னார். தண்டம் விதித்தனர். கட்ட மாட்டேன் என்றார். வழக்கு ஏறி ஏறி அந்நாட்டு உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 1905-இல் தீர்ப்பு. நீதிபதி ஹார்லன் எழுதினார். ஒன்பது பேரில் எழுவர் ஒரு பக்கம். ஊர் முழுவதையும் காக்கச் செய்யப்படும் ஏற்பாட்டுக்குத் தனிமனிதன் ஓரளவு கட்டுப்படத்தான் வேண்டும். ஆனால், உடல்நிலை தாங்காது என்று தெரிந்தும் ஒருவனுக்குக் குத்துவது கொடுமை, அங்கே நீதிமன்றம் குறுக்கிடும். இதுதான் தீர்ப்பின் சாரம்.

நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக, கட்டாய ஊசிக்கு வாதாடும் ஒவ்வொரு வழக்கறிஞரும் இந்தத் தீர்ப்பைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார். வரட்டும். ஆனால் அவர்கள் ஒன்றை மறைத்து விடுகிறார்கள். அந்த மாசசூசெட்ஸ் சட்டம் என்ன சொல்லிற்று தெரியுமா? கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். சட்டக்கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. எனினும் அந்தப் பிரிவைப் படித்தபோது வியந்தேன். ஒரே பிரிவில் மூன்று செய்தி. ஊரின் நலத்துக்குத் தேவையென்றால் அம்மை குத்தக் குழு ஆணையிடலாம் — ஒன்று. அம்மை குத்துவதற்கான ஏற்பாட்டைக் குழுவே இலவசமாகச் செய்து தர வேண்டும் — இரண்டு. மறுப்பவர் ஐந்து டாலர் கட்ட வேண்டும் — மூன்று. அவ்வளவுதான்! மறுத்தவனைக் கட்டிப்போட்டுக் குத்து என்று இல்லை. வேலையிலிருந்து விரட்டு என்று இல்லை. மக்களின் பேராளர்கள் சட்டமன்றத்தில் அமர்ந்து, ஆணைக்கு எல்லை கட்டி, செலவை ஊர்மீது வைத்து, தண்டனையையும் ஐந்து டாலர் என்று அளந்து வைத்த சட்டம் அது.

ஐந்து டாலர் எங்கே, ஆயுட்கால வேலை எங்கே! அதே அமெரிக்காவில், 2022 பிப்ரவரியில், நியூயார்க் நகராட்சி தன் ஊழியர்களில் 1,430 பேரை ஊசி போடாத குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கிற்று. ஓராண்டு சென்றது. 2023 பிப்ரவரியில் அந்தக் கட்டாயத்தையே நகராட்சி கைவிட்டது. ஆணை போயிற்று, சரி. வேலை திரும்பி வந்ததா? தானாக வராது, வேண்டுமானால் புதிதாக மனுப் போடலாம் என்றனர்! காய்ச்சல் தணிந்தபின் போர்வையை மடித்து வைத்துவிடலாம். குடும்பத்தின் ஓராண்டுப் பசியை எப்படி மடிப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கூசுகிறது. 1905-இன் அந்த ஐந்து டாலர்த் தீர்ப்பை, 1927-இல் அதே உச்சநீதிமன்றம் எதற்குத் துணைக்கழைத்தது தெரியுமா? வர்ஜீனியா மாநிலத்திலே, அறிவுக்குறை உடையவள் என்று முத்திரை குத்தப்பட்ட கேரி பக் என்ற ஏழை இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய! கட்டாய அம்மைக் குத்தலுக்கு இடம் கொடுக்கும் கொள்கை, கருக்குழாயை வெட்டுவதற்கும் இடம் கொடுக்கும் என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். ஐந்து டாலரில் தொடங்கியது அறுவைக் கத்தியில் முடிந்தது. எனவேதான், உடலைத் தொடும் அதிகாரத்துக்கு எல்லைக்கோடு சட்டப் புத்தகத்திலேயே இருக்க வேண்டும், அதிகாரியின் நல்ல மனத்திலே அல்ல என்கிறேன்.

2021 நவம்பர் 5. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை ஓர் அவசர விதி வெளியிட்டது. 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில், தொழிலாளி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையேல் வாரந்தோறும் சோதனை செய்து முகமூடி அணிய வேண்டும். 8 கோடியே 40 லட்சம் தொழிலாளரைத் தொடும் விதி. அதிலே நல்லதும் இருந்தது: ஊசி போட்டுக்கொள்ளச் சம்பளத்தோடு நான்கு மணி நேரம், பின்விளைவால் படுத்தால் அதற்கும் சம்பளத்தோடு விடுப்பு. எங்கள் விளக்குத் தோழருக்கு இது கிடைத்திருந்தால் நான் இக்கட்டுரை எழுதியிருக்கவே மாட்டேன்! ஆனால் சோதனைக்கான செலவு? அதை முதலாளி ஏற்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. தொழிலாளி தலையில் கட்டலாம் என்று வழி விட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் வித்தை, வாஷிங்டனிலும் உண்டு போலும்!

அந்த விதி நிலைக்கவில்லை. 2022 ஜனவரி 13-ஆம் நாள், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. வீட்டிலும் பள்ளியிலும் விளையாட்டுத் திடலிலும் பரவும் நோய், தொழிற்கூடத்துக்கே உரிய ஆபத்தாகாது. தொழிற்பாதுகாப்புத் துறைக்கு நாடாளுமன்றம் இவ்வளவு பெரிய அதிகாரம் தரவில்லை என்றனர் நீதிபதிகள். அதே நாளில், அதே மன்றம், மருத்துவமனை ஊழியர்க்கான கட்டாய ஊசியை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அனுமதித்தது. முரண்பாடு என்று சிலர் நகைத்தனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிருக்குப் போராடும் நோயாளியின் படுக்கையருகே நிற்கும் செவிலிக்கும், ஆளரவமற்ற கிடங்கிலே தன்னந்தனியாக விழித்திருக்கும் இரவுக் காவலனுக்கும் ஒரே அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

சோதனையின் விலை என்றேனே, அதற்கு ஐரோப்பாவைப் பாருங்கள். இத்தாலி நாட்டிலே 2021 அக்டோபர் 15 முதல், 'பச்சைச் சான்று' இல்லாத தொழிலாளி வேலைக்குள் நுழையக் கூடாது. ஊசி போட்டிருக்க வேண்டும், அல்லது நோயிலிருந்து மீண்டிருக்க வேண்டும், அல்லது சோதனை செய்திருக்க வேண்டும். விரைவுச் சோதனையின் ஆயுள் 48 மணி நேரம், மருந்துக்கடையிலே அதன் விலை 15 யூரோ, செலவு தொழிலாளியுடையது. வாரத்துக்கு மூன்று முறை என்றால் 45 யூரோ! தன்னுடைய வேலைக்குத் தானே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போகும் நிலை. திரியெஸ்தே துறைமுகத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். எனினும் இத்தாலிச் சட்டத்திலே ஒரு மனிதத் தன்மை இருந்ததை மறைக்கலாகாது: சான்று இல்லாதவனுக்கு அந்நாட்களில் சம்பளம் இல்லை, ஆனால் வேலை போகாது, ஒழுங்கு நடவடிக்கையும் கிடையாது என்று எழுதியிருந்தனர். செர்மனியோ இன்னொரு வழி சென்றது. 2021 ஏப்ரலிலிருந்தே, நேரில் வந்து வேலை செய்யும் தொழிலாளிக்கு முதலாளியே தன் செலவில் சோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதித்தது. நோய் ஒன்று, சோதனையும் ஒன்று. ஒரு நாட்டில் தொழிலாளியின் சட்டைப்பை, மற்றொரு நாட்டில் முதலாளியின் பெட்டி. விலையை யார்மீது வைப்பது என்பதை நோய்க்கிருமி தீர்மானிக்கவில்லை, ஆட்சியாளர் தீர்மானித்தனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இங்கே சட்டமா செய்தார்கள்? சுற்றறிக்கை விட்டார்கள்! தில்லி அரசு 2021 அக்டோபரில் ஆணையிட்டது: முதல் ஊசிகூடப் போடாத அரசு ஊழியர் அக்டோபர் 16 முதல் அலுவலகத்துக்குள் வரக் கூடாது; வராத நாட்கள் விடுப்பாகக் கருதப்படும். மத்தியப் பிரதேசத்திலே அதற்கும் ஒரு படி மேலே போய், அந்த நவம்பரில், ஊசி போட்டவர்க்கே நியாயவிலைக் கடையில் தானியம் என்றனர். ஊசிக்கும் உலைக்கும் முடிச்சுப் போடுவது என்பது உவமையல்ல தோழர்களே, அரசு முத்திரையோடு வந்த ஆணை! மகாராட்டிரமும் தமிழ்நாடும் பொது இடங்களுக்கு வருவோர் ஊசி போட்டிருக்க வேண்டுமென்று ஆணை பிறப்பித்தன. மேகாலயத்தில் கடைக்காரரும் தெருவோர வணிகரும் வாடகை வண்டி ஓட்டிகளும் ஊசி போட்ட பிறகே தொழிலைத் தொடரலாம் என்று மாவட்ட அதிகாரிகள் ஆணையிட்டனர்.

மேகாலய உயர்நீதிமன்றம் வாளாவிருக்கவில்லை. 2021 ஜூனில் அது சொன்னது: ஊசி இன்றைய தேவை, மறுப்பதற்கில்லை, ஆனால் வற்புறுத்தி ஊசி போடுவதும், அதைக் காட்டித் தொழிலை முடக்குவதும் செல்லாது. அத்தோடு ஒரு வழியும் காட்டிற்று. கடையில் உள்ள அனைவரும் ஊசி போட்டிருந்தால் 'ஊசி போட்டவர்கள்' என்று பலகை மாட்டுங்கள், இல்லையேல் 'போடாதவர்கள்' என்று மாட்டுங்கள், வருகிறவன் பார்த்து முடிவு செய்யட்டும் என்றது. இந்தப் பலகை யோசனை எனக்கு முழு உடன்பாடில்லை. உடலைப் பற்றிய செய்தியைக் கடைவாசலில் தொங்கவிடுவது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும், கடையைப் பூட்டுவதைவிடப் பலகை மாட்டுவது மேல்.

மத்திய அரசு என்ன செய்தது? 2022 ஜனவரியில் உச்சநீதிமன்றத்திலே உறுதிமொழி வாக்குமூலம் கொடுத்தது. ஒருவருடைய இசைவின்றி ஊசி போடும் எண்ணமே எங்களுக்கில்லை. எந்தக் காரியத்துக்கும் ஊசிச் சான்றைக் கட்டாயமாக்கி நாங்கள் விதி செய்யவில்லை! மன்றத்திலே இப்படி மொழிந்தனர். வாயிலிலே, "அட்டை எங்கே?" வாக்குமூலம் எழுதிய கை தில்லியில், கதவைச் சாத்திய கை ஒவ்வோர் ஊரிலும். தொழிலாளிக்குத் தெரிந்தது இரண்டாவது கை மட்டுமே.

2022 மே 2-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் ஜேக்கப் புலியேல் என்ற குழந்தை மருத்துவர். நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும். அந்தத் தீர்ப்பு, ஊசி எதிர்ப்பாளரின் வெற்றி என்று ஒரு சாராரும், தோல்வி என்று மறு சாராரும் தத்தமக்கு வேண்டிய பாதியைப் பிய்த்துக்கொண்டு ஓடினர். முழுவதையும் பார்ப்போம். அரசின் ஊசிக் கொள்கை தவறானதல்ல, அறிவியல் ஆதாரம் உடையதுதான் என்றது மன்றம். ஊசி கடுநோயையும் சாவையும் குறைக்கிறது என்பதையும் ஏற்றது. அதே மூச்சில், அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மனிதனின் உடலையும் காக்கிறது. எவரையும் ஊசி போட்டுக்கொள்ளுமாறு கட்டாயப்படுத்த முடியாது என்றது. பொது நலனுக்காகக் கட்டுப்பாடுகள் விதிக்கலாம். ஆனால் அவை நோக்கத்துக்கு அளவாக இருக்க வேண்டும். ஊசி போட்டவரைக் காட்டிலும் போடாதவர் அதிகம் பரப்புகிறார் என்பதற்கு எந்த அரசும் எங்கள்முன் ஆதாரம் வைக்கவில்லை. ஆகவே தொற்று குறைந்திருக்கும் இந்நாளில் இக்கட்டுப்பாடுகள் அளவு மீறியவை என்றது.

நல்ல தீர்ப்பு. ஆனால், தொழிலாளியின் கண்ணோடு அதைப் படித்துப் பாருங்கள். தனியார் நிறுவனங்கள் உட்பட அனைவரும் தங்கள் ஆணைகளை மறுபரிசீலனை செய்யலாம் என்று மன்றம் 'யோசனை' கூறிற்று. யோசனை! உச்சநீதிமன்றத்தின் யோசனையை ஊரோரத் தொழிற்கூடத்துக் கங்காணி மதித்து நடப்பாரா? மேலும், தீர்ப்பு வந்தது 2022 மே திங்களில். தோழர் நான்கு நாள் கூலியை இழந்தது 2021-இல். மழை விட்டபின் வந்து சேர்ந்த குடை!

ஏன் இந்தத் தாமதம், ஏன் இந்தக் குழப்பம்? நம்மிடம் இருந்த சட்டம் அப்படி. பம்பாயிலே பிளேக் நோய் பரவியபோது, 1897-இல் வெள்ளையர் ஆட்சி அவசரம் அவசரமாக இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டம். அது பிறந்தபோது நான்கே பிரிவுகள். முதற்பிரிவு, சட்டத்தின் பெயர். இரண்டாம் பிரிவு, துரைத்தனத்தாரின் அதிகாரம். மூன்றாம் பிரிவு, கீழ்ப்படியாதவனுக்குத் தண்டனை. நான்காம் பிரிவு, அதிகாரிமீது யாரும் வழக்குப் போடக் கூடாது என்ற பாதுகாப்பு. பெயர், பிடி, அடி, கவசம் — முடிந்தது சட்டம்! கூலி என்ற சொல் அதிலே இல்லை. பின்னாளில் திருத்தினார்கள்; 2020-இல்கூட, மருத்துவ ஊழியரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் திருத்தினார்கள். தேவையான திருத்தம். ஆனால் அப்போதும் கூலி நுழையவில்லை.

சரி, புதுச் சட்டங்கள் வந்துவிட்டனவே என்பீர்கள். பழைய தொழிற்சட்டங்களையெல்லாம் நான்கு தொகுப்புகளாகக் கட்டி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பார்த்தேன். தொழிற்பாதுகாப்புத் தொகுப்பிலே, குறிப்பிட்ட வயதுடைய தொழிலாளிக்கு முதலாளி ஆண்டுதோறும் இலவச உடற்சோதனை செய்து தர வேண்டும் என்ற வாசகம் உண்டு. பாராட்டுகிறேன். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 144-ஆம் பிரிவிலே பெருந்தொற்று என்ற சொல்லே வருகிறது. ஆவலோடு படித்தேன். எதற்காக வருகிறது? பெருந்தொற்று வந்தால், சேமநிதிக்கும் தொழிலாளர் ஈட்டுறுதிக்கும் கட்ட வேண்டிய பங்கை மூன்று மாதம் வரை ஒத்திவைக்கவோ குறைக்கவோ அரசு அனுமதிக்கலாம் என்பதற்காக! தொற்று வந்தால் கட்டணம் குறையும் என்பதைச் சட்டம் நினைத்துப் பார்த்தது; தொற்று வந்தால் கூலியும் போகும் என்பதை நினைத்துப் பார்க்க அதற்கு நேரமில்லை.

முதலாளி நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். "உன் விளக்குத் தோழரின் உரிமை பேசுகிறாய். அவர் பக்கத்தில் நின்று மூட்டை தூக்கும் இன்னொருவரின் உயிர்? அவர் வீட்டில் கிழத் தாய் இருக்க மாட்டாளா? அவர் நோயுற்றால் என்னைத்தானே கேட்பாய்?" நியாயமான கேள்வி. உதறித்தள்ள மாட்டேன். பக்கத்தில் நிற்பவனைக் காக்கும் கடமை முதலாளிக்கு உண்டு. அதற்குத்தான் கேட்கிறேன்: ஊசியைத் தொழிற்கூடத்துக்கே கொண்டுவந்தீரா? 2021 ஏப்ரலில் அரசே வழி செய்தது, வேலையிடத்திலேயே ஊசி போடலாம் என்று. ஆனால், தகுதியுள்ளவர் ஏறத்தாழ நூறு பேர் இருந்தால்! பெரிய அலுவலகங்களில் பந்தல் போட்டு, குளிர்நீர் கொடுத்து ஊசி போட்டனர். நாற்பது பேர் வேலை செய்யும் கொட்டகைக்கு எந்தப் பந்தலும் வரவில்லை. காற்றோட்டத்துக்குச் சன்னல் திறந்தீரா? காய்ச்சல் என்றவனுக்குக் கூலியோடு விடுப்புக் கொடுத்தீரா? கூலி போகும் என்று தெரிந்தால் காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் எவனும் வருவான். அட்டையைப் பார்த்து உள்ளே விட்ட கதவு, நோயையும் சேர்த்து உள்ளே விட்டது. ஊசி போட்டவனுக்கும் நோய் தொற்றும், அவனிடமிருந்தும் பரவும் என்பதை உருமாறிய கிருமி வந்தபோது உலகமே கண்டது. அப்படியிருக்க, அட்டை ஒன்றே அரண் என்று நம்பியது பாதுகாப்பல்ல, சிக்கனம்!

நண்பர் சிரித்தார். சன்னல் மட்டும் திறக்கச் சொல்கிறேன் என்றார்.

எனவே சட்டம் வேண்டும், இப்போதே வேண்டும். கிருமி வாசலில் நிற்கும்போது எழுதப்படும் சட்டத்தில் அச்சமும் சேர்ந்து எழுதும். நோயில்லாத நாளில் அமர்ந்து எழுத வேண்டும். தொழிலாளியின் உடலைத் தொடும் எந்த ஆணையும் சட்டமன்றம் தந்த அதிகாரத்தில்தான் பிறக்க வேண்டும், ஆணைக்கு முடிவு நாளும் குறித்திருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளும் நாளும், அதனால் படுக்கும் நாளும், ஒப்பந்தக் கூலிக்கும் சேர்த்து, சம்பள நாளாக எழுதப்பட வேண்டும். சோதனை கேட்பவர் சோதனைக்குப் பணம் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் ஊசியைக் கட்டாயமாக்கினால் எதிர்க்க மாட்டேன்; அங்கேகூட, மறுப்பவரை வேறு வேலைக்கு மாற்றிப் பார்க்காமல் வெளியே தள்ளக் கூடாது. உடல் ஒவ்வாதவர் மருத்துவரின் ஒரு வரியோடு வந்தால் அது போதும். அட்டையிலே உள்ள செய்தி பொறுப்பானவரின் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். வாயிலில் நிற்பவர் பத்துப் பேர் கேட்க உரக்கப் படிப்பதற்கு அது என்ன, நாடகத்துக்கான அழைப்பிதழா?

நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றிலே, நாட்கூலியாக வேலை செய்த ஒருவருக்கு எச்.ஐ.வி. சோதனை செய்தனர். கிருமி உண்டு என்று தெரிந்தது. உடல் திடமாக இருந்தது, வேலைக்கு எக்குறையும் இல்லை. இருந்தும் பட்டியலிலிருந்து பெயரை அடித்தனர். அவர் தம் பெயரை வெளியிடாமலே பம்பாய் உயர்நீதிமன்றம் ஏறினார். 1997-இல் தீர்ப்பு வந்தது: வேலை செய்யும் திடமுள்ளவன், பிறர்க்கு ஆபத்தில்லாதவன், கிருமி உண்டு என்ற ஒரே காரணத்துக்காக அவனைத் தள்ளுவது அநீதி, மீண்டும் பட்டியலில் சேர்த்துக்கொள்க, இழந்ததற்கு ஈடு தருக! அந்தத் தீர்ப்பின் நியாயம் நாடாளுமன்றச் சட்டமாக வடிவெடுக்க இருபது ஆண்டு பிடித்தது. 2017-இல் சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறை. இன்று, வேலை கொடுப்பதற்கு முன் எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டு வா என்று எந்த முதலாளியும் கேட்க முடியாது. இந்தியாவிலே அந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையிலே. அன்றிலிருந்து எண்ணினால் சட்டம் வர முப்பத்தோராண்டு! இன்னொரு கொள்ளைநோய், நமக்கு அத்தனை ஆண்டு தவணை கொடுக்குமா?

சென்ற திங்கள் நாடக ஒத்திகை. விளக்குத் தோழர் ஏணிமேல் நின்றிருந்தார். அந்த ஊசி அட்டையை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இறங்கி வந்து, சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நெகிழி உறை போட்டு, மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறார்.

"இப்போது யாரும் கேட்பதில்லையே, எதற்கு?" என்றேன்.

"மறுபடி எப்போது கேட்பார்களோ, யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.